நேரில் வந்த நகல்

"அக்கா, மூச்சு விடுங்க."

"போட்டோ எடுக்கறப்போ எவளாச்சும் மூச்சு வுடுவாளா? ஆடிப்பூடாது?"

தெய்வநாயகி உதட்டை அசைக்காமல் பல்லிடுக்கால் கேட்டாள். முகம் முழுக்கப் பவுடர். கண் இரண்டும் நேரே. கழுத்து விறைப்பு. எதிரே டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டிருந்த ஆசிபா மறுபடி பொத்தானைத் தொட்டாள். திரை மூன்றாவது முறையாகச் சிவந்தது.

"இன்னா வந்துது?" என்றாள் தெய்வநாயகி.

ஆசிபா தயங்கினாள். பின்னால் வரிசையில் நின்ற அமிர்தம் தயங்கவில்லை. எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்.

"நகல் படம். நேரில் உள்ள நபரைக் காட்டவும்."

"நான் நேர்லதானடி நிக்கறேன்!"

"அது எனக்குத் தெரியுது. மெஷினுக்குத் தெரியலியே."

பாகூர் சாலையில் புதிதாகக் கட்டியிருந்த மீன் மார்க்கெட்டின் வாசல் அது. உள்ளே இருபத்து நாலு மேடை, வெள்ளை டைல்ஸ், ஆளுக்கொரு குழாய். அதுவரை ரோட்டோரம் சாக்கு விரித்து விற்றவர்களுக்கெல்லாம் உள்ளே மேடை தருவதாக மார்க்கெட் கமிட்டி சொல்லியிருந்தது. வெளியே யார் எங்கே உட்கார்ந்தார்களோ, அதே வரிசையில். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் முகம் பதிந்திருக்க வேண்டும். பதியாவிட்டால் அந்த மேடை வரிசையில் அடுத்தவருக்கு. பதியாதவர் கடைசி மேடைக்கு, கக்கூஸ் பக்கம்.

முதல் மேடை பஸ் நிறுத்தத்தைப் பார்த்தது. அது தெய்வநாயகியின் இடம். சுனாமி படகையும் வலையையும் வாரிக்கொண்டு போன வருஷம், பனித்திட்டு கிராமத்தில் அவள் புருஷன் தங்கராசு கடல் இருந்த திசைக்கே முதுகைக் காட்டிப் படுத்துக் கிடந்தான். அப்போது அவள் கடலூரில் மீன் வாங்கி வந்து முதன்முதலாக அன்னக்கூடையை இறக்கியது அங்கேதான். இருபது வருஷத்தில் மகளின் இரண்டு பிரசவத்துக்கும் ஒரு டைபாய்டுக்கும் தவிர அந்த இடத்தை விட்டு அவள் நகர்ந்ததில்லை. இரண்டாவது இடம் அமிர்தத்துடையது.

"ஏன் பாப்பா, போன வருஷம் கணக்கெடுக்க வந்தவன் சாதா போன்லதானே புடிச்சான்? அது ஒத்துக்கிச்சே. இது மட்டும் ஏன் மூஞ்சிய சுளிக்குது?"

"அது வேற கதைக்கா" என்று ஆசிபா சிரிப்பை அடக்கினாள். வில்லியனூரில் துணிக்கடை வைத்திருக்கும் ஹபீப் முகமதுவின் மகள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு கமிட்டியில் ஒப்பந்த வேலைக்கு வந்திருந்தாள். "போன வருஷம் பதிஞ்ச லிஸ்டைப் பார்த்தா, அதுல பதினோரு பேர் உயிரோடவே இல்ல."

வரிசையில் நின்ற பெண்கள் ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்தார்கள்.

இந்தப் பக்கத்து மீன்காரிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. விற்கிற இடம் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வரும். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் அது 'மாமியார் இடம்'தான். மருமகள் காவலுக்கு உட்கார்ந்திருப்பதாகத்தான் கணக்கு. அதனால் போன வருஷம் முகத்தைக் காட்டு என்று கேட்டபோது, நேர்மையான மருமகள்கள் பதினோரு பேர் வீட்டுக்குப் போய் சுவரில் மாட்டியிருந்த மாமியார் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினார்கள். இடத்துக்குச் சொந்தக்காரி அவள்தானே.

"ஒரு படத்துல சந்தன மாலை இருந்துச்சு. இன்னொண்ணுல சீரியல் பல்பு எரிஞ்சிட்டு இருந்துச்சு" என்றாள் ஆசிபா.

"பல்பு என்னுது" என்றாள் அமிர்தம், கொஞ்சமும் கூசாமல். "எங்க மாமியாருக்கு வெளிச்சம்னா புடிக்கும்."

"அதனாலதான் இந்த மெஷின். படத்தைப் படம் புடிச்சா கண்டுபுடிச்சிடும்."

"எப்பிடிக் கண்டுபுடிக்கும்? அதுக்கு இன்னா கண்ணா மூக்கா?"

ஆசிபா சுற்றுமுற்றும் பார்த்தாள். தெய்வநாயகியின் கூடையில் சங்கரா மீன் இருந்தது.

"அக்கா, மீன் நேத்துதா இன்னிக்குப் புடிச்சதான்னு எப்பிடிக் கண்டுபுடிப்பீங்க?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? செவுளைப் பார்த்தா தெரியும். கண்ணைப் பார்த்தா தெரியும். எனக்குக் கிட்டக்கூட வர வாணாம். பத்தடி தூரத்துல கூடை வரும்போதே சொல்லிடுவேன்."

"யார் சொல்லிக்கொடுத்தது?"

"யாரு சொல்லிக்குடுப்பா? பார்த்துப் பார்த்து வந்ததுதான்."

"அதேதான்கா இதுவும். நெஜ முகம் லட்சக்கணக்குல, படத்தைப் புடிச்ச படம் லட்சக்கணக்குல, ரெண்டையும் காட்டிக் காட்டிப் பழக்கியிருக்காங்க. இது நெஜம், இது நகல்னு மட்டும்தான் சொன்னாங்க. எதை வெச்சுக் கண்டுபுடிக்கணும்னு யாரும் சொல்லித் தரல. அதுவே கத்துக்கிச்சு. டீப் லேர்னிங்னு பேரு."

தெய்வநாயகி டேப்லெட்டை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்போ இது துள்ளற மீனைப் பார்த்து செத்து மூணு நாளாச்சுன்னு சொல்ற கண்ணு. இந்தக் கண்ணை வெச்சிக்கினு எங்க ஊர்ல ஒரு நாள் யாவாரம் பண்ண முடியாது."

"நீங்க துள்ளலியேக்கா" என்றாள் ஆசிபா. "பேசும்போது துள்றீங்க. கேமராவைத் தூக்கினா செல ஆயிடுறீங்க."

அது உண்மை. ஆனால் அதற்கும் காரணம் இருந்தது.

கல்யாணத்துக்கு மறுநாள் பாகூரில் ஒரு ஸ்டூடியோவில் அவளையும் தங்கராசுவையும் நிற்க வைத்தார்கள். ஸ்டூடியோக்காரர், "ஆடாதே, சிரிக்காதே, கண்ணை மூடாதே, மூச்சுகூட விடாதே" என்றார். அவள் விடவில்லை. தங்கராசு இருமினான். படம் வந்தபோது அவள் கோயில் சிலை மாதிரி இருந்தாள், பக்கத்தில் தங்கராசுவின் முகம் தண்ணீரில் கரைந்த மாதிரி இருந்தது. ஊரே அவள் படத்தை மெச்சியது. அன்றிலிருந்து கேமரா என்றால் அதே முகம்தான். ரேஷன் அட்டையில், வாக்காளர் அட்டையில், ஆதாரில், மகள் அபிதாவின் கல்யாண ஆல்பத்தில். அபிதா ஒரு தடவை, "அம்மா, உனக்கு ஒரே ஒரு போட்டோ எடுத்து எல்லாத்துக்கும் ஒட்டியிருக்கலாம்" என்று சொல்லி அடி வாங்கினாள்.

"நீயே பாஸ் பண்ணி வுட்டுடு பாப்பா. உனக்குத்தான் என்னைத் தெரியுதே."

"என் கையில அந்த அதிகாரம் இல்லக்கா. மனு போட்டு மேல அனுப்பலாம். வர ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள மேடையெல்லாம் கொடுத்து முடிச்சிடுவாங்க."

"அடுத்தது யாரு? நானா?" என்று அமிர்தம் முன்னே வந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி, "சீக்கிரம் புடிம்மா, ஐஸு கரையுது" என்று டேப்லெட்டைப் பார்த்துக் கத்தினாள்.

பச்சை.

"பார்த்தியா?" என்றாள் அமிர்தம். "நான் அசல்."

*

செவ்வாய்க்கிழமை தங்கராசுவும் கூட வந்தான்.

"இதுக்கு ஒரு வழி சொல்லு" என்று அவள் கேட்டதற்கு, இருபத்தொன்பது வருஷத்தில் முதன்முறையாக அவன் ஒரு வழி சொல்லியிருந்தான். அவளைச் சிரிக்க வைப்பதாக.

"பவுடரை முதல்ல கழுவுங்கக்கா" என்றாள் ஆசிபா. "வெள்ளையா, தட்டையா இருக்குது. மெஷினுக்கு அது காகிதம் மாதிரி படுதோ என்னமோ."

"பவுடர் இல்லாம போட்டோவா? நாளைக்கு நாலு பேரு பார்த்தா, இவளுக்கு வூட்ல பவுடருக்குக்கூட வக்கில்லன்னு சொல்ல மாட்டாங்க?"

"மாட்டாங்க" என்றான் தங்கராசு.

"உன்னைக் கேட்டனா?"

கழுவினாள். ஆசிபா டேப்லெட்டைத் தூக்கினாள். தெய்வநாயகியின் கழுத்து தானாக நிமிர்ந்தது, கண் நிலைகுத்தியது. தங்கராசு அவள் முன்னால் வந்து நின்று கையைப் பிசைந்தான்.

"சிரி" என்றான்.

"எதுக்கு?"

"சொம்மா."

"சொம்மா சிரிக்கறதுக்கு எனக்கு இன்னா பைத்தியமா?"

"அன்னிக்கு நான் படகுலேர்ந்து தண்ணியில வுழுந்தேன் பாரு, அதை நெனச்சிக்கோ."

"அதுல சிரிக்க இன்னா இருக்குது? லுங்கியைக் கடல்ல வுட்டுட்டு வந்தே. அது நான் எடுத்துக் குடுத்த லுங்கி."

வரிசையே சிரித்தது. ஆசிபாவும் சிரித்தாள். தெய்வநாயகி மட்டும் சிரிக்கவில்லை. சிவப்பு.

"கண்ணைச் சிமிட்டிப் பாருங்கக்கா."

அவள் இரண்டு கண்ணையும் மெதுவாக மூடினாள். உள்ளுக்குள் மூன்று எண்ணினாள். மெதுவாகத் திறந்தாள். படுக்க வைத்தால் கண் மூடுகிற பொம்மை மாதிரி இருந்தது. இப்போது மெஷின் கொஞ்சம் மாற்றிச் சொன்னது: "நகல் காணொளி."

"முன்னேறிட்டே தெய்வநாயி" என்றாள் அமிர்தம். "நேத்து போட்டோ, இன்னிக்கு சினிமா."

தங்கராசுவுக்கு ரோசம் வந்துவிட்டது. மெஷினில்தான் கோளாறு என்று காட்டிவிட வேண்டும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், முக்கால் மணி நேரத்தில் அவன் அம்மாவின் படத்தோடு திரும்பி வந்தான்.

"இதைக் காட்டு. இது நெஜம்னு சொல்லிச்சின்னா மெஷின் தப்பு."

காட்டினார்கள். நகல் படம். நேரில் உள்ள நபரைக் காட்டவும்.

"அது சரியாத்தானேய்யா சொல்லுது!" என்றாள் தெய்வநாயகி.

"மாமியாரும் நகல், மருமகளும் நகல்" என்றாள் அமிர்தம். "இத்தினி வருஷம் ஒத்துமை இல்லன்னு சொன்னாங்களே, இப்போ பாரு."

புதன்கிழமை ஆசிபா அவளுக்குத் தெரியாமல் எடுக்கப் பார்த்தாள். கேமரா எங்கே இருக்கிறதென்று தெய்வநாயகிக்கு முதுகில் தெரிந்தது. வியாழக்கிழமை அபிதா கடலூரிலிருந்து போன் பண்ணி, "ஆட்டம் ஆடும்மா" என்றாள். தெய்வநாயகி, "வையி போனை" என்றாள். அன்றைக்கு மத்தியானம் மீதி மீனைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் சத்தமே போடவில்லை. வாடிக்கைக்காரர் ஒருவர் வஞ்சிரத்துக்குப் பாதி விலை கேட்டார். அவரை அவள் திட்டக்கூட இல்லை. "கட்டாதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அமிர்தம் தன் கூடையிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். அந்த ஆள் தன் பக்கம் வருவார் என்று காத்திருந்தாள். அவர் வரவில்லை. சங்கடமாக நின்றுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

*

வெள்ளிக்கிழமை நாலு ஐம்பது.

ஆசிபா டேப்லெட்டைப் பிடித்திருந்தாள். இருபத்து மூன்று பேர் பதிந்தாகிவிட்டது. தெய்வநாயகி நின்றாள். பவுடர் இல்லை, பொட்டு மட்டும். இன்றைக்கு முகத்தில் சிலைகூட இல்லை, வெறும் களைப்புதான். அப்படியும் சிவப்பு.

"கடைசி மேடையில தண்ணியாச்சும் வருதா பாப்பா?"

"வருதுக்கா."

"அப்போ சரி. வுடு."

அவள் திரும்பினாள். அப்போது பஸ்ஸிலிருந்து இறங்கிய ஓர் அம்மாள் கூடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அமிர்தம் தன் கூடையை மூடிவிட்டு எழுந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி அந்த அம்மாளிடம் சொன்னாள்:

"அம்மா, அந்தக் கூடைப் பக்கம் போவாதீங்க. அது ஐஸு பொட்டியில ஒரு வாரம் கெடந்த மீனு. செவுளுக்குச் சாயம் தடவி வெச்சிருக்கா."

தெய்வநாயகிக்கு அது காதில் விழுந்து உள்ளே இறங்க ஒரு நொடி ஆனது.

"அடியே!"

பஸ் நிறுத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து ஓடியது.

"யாரு மீனைடி சொன்னே? சாயமா? எம் மீனுக்குச் சாயமா? காலையில அஞ்சு மணிக்குக் கரையில நின்னு, வலையிலேர்ந்து என் கையால பிரிச்சி எடுத்த மீனுடி! நீ மாமியாருக்குப் பல்பு மாட்டின கழுத, நீ எனக்குச் சொல்ல வந்துட்டியா? இந்தா, செவுளைப் பாரு! மோந்து பாரு! மூக்குல வெச்சித் தேய்க்கிறேன், வாடி இங்க!"

ஒரு கையில் சங்கரா. தலைமுடி அவிழ்ந்து தோளில் விழுந்தது. வாய் காது வரை திறந்திருந்தது. ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சுருங்கியும் இருந்தன.

ஆசிபா எப்போது பொத்தானைத் தொட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"அக்கா! பச்சை! பச்சை வந்துடுச்சுக்கா!"

"பச்சையாவது மஞ்சளாவது, இவளை நான் இன்னிக்கு வுடப்போறதில்ல..." என்று இரண்டு அடி வைத்த தெய்வநாயகி நின்றாள். "இன்னா வந்துது?"

"நேரில் உள்ள நபர். பதிவு முடிந்தது. மேடை ஒன்று."

மீனைக் கையில் பிடித்தபடி அவள் அமிர்தத்தைப் பார்த்தாள். அமிர்தம் பின்னால் போய் மின்கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

"ஏன்டி, வேணுன்னேதான் சொன்னியா?"

"பின்னே? உன் மீனைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"நான் பதியலன்னா முதல் மேடை உனக்குதானடி வரும்?"

"வரும். வந்து?" அமிர்தம் கம்பத்தை விட்டு வெளியே வந்தாள். "நேத்து ஒருத்தன் வந்தான், நீ திட்டல. அவன் அப்பிடியே பஸ் ஏறிட்டான். வூட்டுக்குப் போயி யோசிச்சேன். இருபது வருஷமா எங்கிட்ட வர்றவன்லாம் யாரு? நீ திட்டித் தொரத்தினவன்தான். நேரா எங்கிட்ட வருவான், மூச்சு வாங்குவான், நான் சொல்ற விலைக்குக் கம்முனு வாங்கிப்பான். நீ கக்கூஸ் பக்கம் போயிட்டா எனக்கு யாரு ஆளு அனுப்பறது?"

தெய்வநாயகி முந்தானையை உதறிச் செருகினாள். கையிலிருந்த சங்கராவை அமிர்தத்தின் கூடையில் போட்டாள்.

"கொழம்பு வெச்சிக்கோ. சாயம் இருந்தா வந்து சொல்லு."

பஸ்ஸிலிருந்து இறங்கிய அம்மாள் யாரிடமும் எதுவும் வாங்காமல் போய்விட்டாள்.

*

அட்டை வந்தது. தெய்வநாயகி, மேடை எண் ஒன்று. படத்தில் பல்லெல்லாம் தெரிந்தது, அண்ணாக்குகூடத் தெரிந்தது. ஓரத்தில் ஒரு மீன் வால். தங்கராசு அதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தான், கிட்டத்தில் வைத்துப் பார்த்தான்.

"இதான் நீ" என்றான்.

"கொளுத்திப்புடுவேன்."

"இதேதான்" என்று அவன் அதைக் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் சொருகினான். அவள் பிடுங்கினாள்.

திங்கட்கிழமை காலை மார்க்கெட் திறந்தது. கேட்டில் ஒரு கம்பம், கம்பத்தில் கேமரா. ஒருத்தர் பேரில் இன்னொருத்தர் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதால் தினமும் வரிசையில் ஒவ்வொருவராக முகத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும் என்றான் வாட்ச்மேன் மணிமாறன். தெய்வநாயகி முதல் ஆளாக வந்திருந்தாள். முதல் நாளாயிற்றே என்று பவுடர் போட்டிருந்தாள். கேமராவைப் பார்த்தாள். கழுத்து நிமிர்ந்தது.

சிவப்பு.

"எக்கா, நகல்னு வருது" என்றான் மணிமாறன்.

தெய்வநாயகி திரும்பிப் பார்த்தாள். அமிர்தம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பெருமூச்சு விட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"உம் பொண்ணு கல்யாணத்துல சாம்பாரு ஊசிப்போச்சி" என்றாள்.

கதவு திறந்தது.

அதிலிருந்து கேட்டில் அவளைத் திட்டுவது அமிர்தத்தின் தினப்படி வேலையாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை தெய்வநாயகி நண்டு கழுவுகிற முறை. புதன்கிழமை அவள் தம்பி. வியாழக்கிழமை அவள் தம்பியின் மீசை. இரண்டு வாரத்தில் அமிர்தத்துக்குச் சரக்கு தீர்ந்துபோனது. ஒரே திட்டை இரண்டாம் தடவை சொன்னால் தெய்வநாயகிக்குக் கோபம் வரவில்லை, "இது போன திங்கக்கெழம சொன்னது" என்று நின்றாள். அமிர்தம் வழியில்லாமல் தங்கராசுவிடம் போய்க் கேட்டாள். அவன் முதலில், "அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்?" என்றான். பிறகு உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணி, நாற்பது சொன்னான்.

ஆவணியில் ஒரு நாள் அமிர்தம் வரவில்லை. மகள் வெண்ணிலாவுக்குக் கரியமாணிக்கத்தில் சம்பந்தம் பேசி, அன்றைக்கு நிச்சயதார்த்தம். தெய்வநாயகி கேட்டில் நின்றாள். மணிமாறன் தன்னால் ஆன மட்டும் இரண்டு வார்த்தை திட்டிப் பார்த்தான். அவளுக்குக் கோபம் வரவில்லை, அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பின்னால் கூடையோடு பதினைந்து பேர் நின்றார்கள்.

"ஐஸு கரையுதுக்கா!"

"இருங்கடி" என்று அவள் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கேமராவுக்குக் கீழே பிடித்தாள். "அமிர்தம், சீக்கிரம் ஒண்ணு சொல்லுடி. கேட்டுல நிக்கறேன்."

அந்தப் பக்கம் நாதஸ்வரம். யாரோ தட்டு வைக்கிற சத்தம். அமிர்தத்தின் குரல் தேன் மாதிரி வந்தது.

"அக்காங்களா? வணக்கங்க. நல்லா இருக்கீங்களா?"

"இன்னாது?"

"நான் சம்பந்தி வூட்டுல இருக்கேங்க. எல்லாரும் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க." பிறகு போனை விலக்கி யாரிடமோ, "எங்க மார்க்கெட்ல பெரியவங்க. ரொம்ப வயசானவங்க. காலையில எழுந்ததும் எங்கிட்டதான் நலம் விசாரிப்பாங்க" என்று சொன்னது தெளிவாகக் கேட்டது.

"பெரியவங்களா? யாருடி பெரியவ?" தெய்வநாயகியின் கொண்டை அவிழ்ந்தது. "எனக்கும் உனக்கும் ரெண்டு வயசு வித்தியாசம்டி! உன் சம்பந்தி வூட்டுல என்னை ஆயாவாக்கிட்டு நீ கொமரி ஆயிட்டியா? குடு போனை அந்த சம்பந்திகிட்ட! உன் வயசு, உன் டை அடிச்ச மண்டை, எல்லாத்தையும் நான் சொல்றேன்! குடுடி!"

"ஆசீர்வாதம் பண்றாங்க" என்று அமிர்தம் சம்பந்தி வீட்டாரிடம் சொன்னாள். போன் அடங்கிவிட்டது.

கதவு எப்போதோ திறந்திருந்தது. பின்னால் நின்றவர்கள் ஆளாளுக்குக் கேமராவில் முகத்தைக் காட்டிவிட்டு, கூடையோடு அவளை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"எக்கா, பச்சை வந்துடுச்சி. உள்ள போங்க" என்றான் மணிமாறன்.

"இருடா" என்று தெய்வநாயகி மறுபடி நம்பரை அழுத்தினாள். "நான் இன்னும் முடிக்கல."